இரண்டு கட்டை, ஒன்றரைக் கட்டை

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்த மறுநாளே முகூர்த்தம். வானகரத்தில் ஒரு மண்டபம், மாலை வரவேற்பு. எங்களை ஐஸ்கிரீம் கவுண்டருக்கும் ஸ்பீக்கர் அடுக்குக்கும் நடுவே நிற்க வைத்தார்கள். ஆமாம், நிற்க. இருபத்தைந்து வருடம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தவள் நான். இப்போது மோவாய்க்கு அடியில் வயலினை இடுக்கிக்கொண்டு, நின்றபடி, இடுப்பைக் கொஞ்சம் அசைத்துச் சினிமாப் பாட்டு வாசிக்கிறேன். உட்கார்ந்து வாசித்தால் கூட்டம் திரும்பிப் பார்க்காதாம். எங்களைக் கூப்பிட்ட கான்ட்ராக்டரின் சித்தாந்தம் அது.

எங்கள் குழுவின் பெயர் 'நாலு தந்தி'. ஆட்கள் மூன்று பேர்தான். நான் முதல் வயலின். தேன்மொழி இரண்டாவது வயலின். இசைக் கல்லூரியில் என் பக்கத்து இடம், அன்றிலிருந்து என் சிநேகிதி, சண்டைக்காரி எல்லாம் அவள்தான். செல்லோ வாசிக்கும் ஜெபசிங் பாளையங்கோட்டைக்காரன், சர்ச்சில் நோட்டைப் பார்த்து வாசித்துப் பழகியவன். தாளமும் கீபோர்டும் அப்சலின் லேப்டாப்பிலிருந்து வரும், மைக், ஸ்பீக்கர் பொறுப்பும் அவனுடையதே. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "பேப்பர் ஆபீஸ்லேர்ந்தா வந்துருக்கீங்க?" என்று கேட்டார். ஜெபசிங் சிரிப்பை அடக்க முடியாமல் செல்லோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் வாழ்த்துப் பேச மைக்கை வாங்கினான். வாங்கியவன் நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றான். மைக் ஊளையிட்டது. அப்படி ஓர் ஊளையை நான் கேட்டதே இல்லை. ஸ்பீக்கர் என் இடது பக்கம், ஒரு முழத் தூரத்தில். காதுக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்கியது போல இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. வில்லைக் கீழே போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் வில்லைக் கீழே போட்டதில்லை.

அப்சல் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினான். கொஞ்ச நேரம் இடது பக்கம் உலகமே இல்லை. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது, கூடவே ஒரு 'ங்ஙீ' சத்தமும் வந்தது. தேன்மொழி என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "சாரு, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்றாள். கேட்குதுடி, கத்தாதே என்றேன். மிச்சப் பாட்டையும் வாசித்தோம். பன்னீர் தோசை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஃபிரிட்ஜ் 'ங்ஙீ' என்று பாடிக்கொண்டே இருக்கிறது. பொறுக்க முடியாமல் சுவிட்சை அணைத்தேன். அப்போதும் பாடியது. பிறகு மிக்ஸி, டிவி, மாடியில் தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டதில் ஃபிரிட்ஜை மறந்துவிட்டேன். இரண்டு பாக்கெட் பால் திரிந்து போனது. என் வீட்டுக்காரர் தணிகாசலம் மின்வாரியத்தில் வேலை. "வீட்ல எந்த சத்தமும் இல்லியேம்மா" என்றார். இவருக்கு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று நின்று காது மரத்துவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று இரண்டு அதிர்ச்சி. ஒன்று நல்லது.

நல்லதை முதலில் எழுதுகிறேன். மயிலாப்பூரில் ஓர் அரங்கம், முந்நூறு இருக்கை. செப்டம்பர் 22 அன்று 'நாலு தந்தி' மட்டும், முழுக் கச்சேரி, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஐஸ்கிரீம் கவுண்டர் கிடையாது. போனில் அவர்கள் சொன்னதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். கல்லூரி முடித்துப் பக்கவாத்தியமாக எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். எப்போதும் யாரோ பாட, நான் பின்னால் இழுத்தவள்தான். இந்த முறை நடுவில் நிற்கப்போவது நான். இது நன்றாக நடந்தே ஆக வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது, இனி ஒரு தடவை யாரும் கேட்கப் போவதில்லை.

கெட்டது, தேன்மொழி. ஜெபசிங் வீட்டில் ஒத்திகை. நாங்கள் இருவரும் கர்நாடக முறைப்படி ச-ப-ச-ப என்று தந்தி சேர்ப்பவர்கள், பாட்டுக்குப் பாட்டு மாற்ற முடியாது. அதனால் எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை சுருதிக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இடது காது கொஞ்சம் கூசுகிறது என்பதால் இன்-இயர் இயர்போனை வலது காதில் மட்டும் செருகிக்கொண்டேன். அதில் சுருதி ஓடும். அதைக் கேட்டு என் வயலினைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் இடது பக்கம் நிற்கும் தேன்மொழி, மேலே போகிறாள். கொஞ்சநஞ்சமல்ல.

"தேனு, மேல போறடி."

"இல்லியே. நீதான் கீழ இருக்க."

நான் கீழே இருக்கிறேனாம்! கல்லூரியில் சுருதி சேர்க்க ஆசிரியரே என்னிடம்தான் தம்புராவை நீட்டுவார். இது இவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மாவு அரைத்தேன். 'ங்ஙீ' நிற்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

போன் ரிப்பேர். தணிகாசலம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார். இடது கையில் எடுத்து இடது காதில் வைத்தேன். யாரோ பெண்பிள்ளை பேசுவது போல இருந்தது. "யாருங்க?" என்றேன். "என்னடி யாருங்க? நான்தான்" என்றார். வலது காதுக்கு மாற்றினேன். அவரேதான், அதே கரகரப்பு.

வைத்துவிட்டு போனில் சுருதிப் பெட்டியைப் போட்டேன். வலது காதில் இரண்டு கட்டை. இடது காதில் அரைக் கட்டை தூக்கலாக, இரண்டரை. திரும்பத் திரும்ப மாற்றி வைத்துப் பார்த்தேன். அதேதான். இப்படியும் ஒரு போன் கெடுமா?

முனையில் உள்ள கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் காதில் வைத்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்குது" என்றார். சும்மா வந்ததற்குக் கண்ணாடி ஒட்டி அனுப்பினார். வரும் வழியில் கத்திரிக்காய் வாங்கினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. தெருவில் குழாய் ஸ்பீக்கர். ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு சுருதியில் பாடுவது போல நாள் முழுக்கக் கேட்டு எனக்கு வாந்தி வந்துவிட்டது. கொழுக்கட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று தணிகாசலத்திடம் சொன்னேன்.

அந்த எரிச்சலோடு இன்று ஒத்திகைக்குப் போனேன். முதல் பாட்டிலேயே தேன்மொழி மேலே. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நிறுத்தினேன். ஆறாவது தடவை ஜெபசிங் வில்லை மடியில் வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. டியூனர் வச்சுப் பாத்துருவோமா?"

சுருதி காட்டும் குட்டி டியூனரைத் தேன்மொழி வயலினின் தலையில் செருகினான். முள் நடுவில் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. என் வயலினில் செருகினான். சிவப்பு. முள் இடது பக்கம் படுத்துவிட்டது.

"பாட்டரி போயிருக்கும்" என்றேன்.

"புது பாட்டரிக்கா. காலைலதான் போட்டேன்."

"அப்ப டியூனரே மட்டம். காதை நம்பி வாசிக்கிறவ நான், எனக்கு எதுக்கு இந்த பொம்மை?"

தேன்மொழி மெதுவாகத்தான் சொன்னாள். "சாரு, அன்னிக்கு அந்த மண்டபத்துல மைக் கத்துச்சே, அதுலேர்ந்துதான்டி இப்படி. வா, நானும் வரேன், காது டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துடலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "உனக்கு மெயினா நிக்கணும்னு ஆசை. அத நேரா சொல்லேன். என் காத ஏன் குத்தம் சொல்ற?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். போய்விட்டாள். ஜெபசிங்கின் மனைவி கொண்டுவந்த காபி நான்கு டம்ளரும் ஆறிப்போயின.

செப்டம்பர் 9, திங்கள்

தேன்மொழி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

தந்திகள் தொளதொளவென்று கிடக்கின்றன. விரல் வைத்தால் பழைய இறுக்கம் இல்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான். புதுசு மாட்டினேன், சுருதி சேர்த்தேன். அதுவும் தொளதொள.

யார் சொன்னார்களோ, தணிகாசலம் காது டாக்டரிடம் நேரம் வாங்கி வந்து சீட்டை நீட்டினார். "இருபத்திரண்டாம் தேதிக்கு அப்புறம் பாக்கலாம்" என்றேன். "கச்சேரி எங்கியும் ஓடிறாது, காது ஓடிறப் போவுது" என்றார். கச்சேரிதான் ஓடிவிடும் என்று இவருக்கு எப்படிப் புரிய வைப்பேன்? நான் இப்போது டாக்டரிடம் போனால் அவர் ஏதாவது சொல்வார். சொன்னதைக் கேட்டுவிட்டு நான் எப்படி மேடை ஏறுவேன்?

மத்தியானம் அவர் போன பிறகு ஒவ்வொரு காதாக விரலால் அடைத்துக்கொண்டு, ஹார்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுத விருப்பமில்லை. பிறகு போர்வைகளையெல்லாம் எடுத்துத் துவைத்தேன், சுத்தமாக இருந்ததையும் சேர்த்து.

செப்டம்பர் 21, சனி

அரங்கத்தில் கடைசி ஒத்திகை. தேன்மொழி வந்தாள். "வாடி" என்றாள், "வந்தேன்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அப்சலைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்குத் தேன்மொழியின் மைக்கைக் குறைத்துவிடு என்று சொன்னேன். அவள் மேலே போனாலும் சபைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். அவளுக்கும் அதுதான் நல்லது. அவன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான்.

"கொறைக்கணுமா மேடம்? கன்ஃபார்மா?"

"ஆமா."

டீ இடைவேளையில் மாடிப்படி ஓரம் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் நிறுத்தினார்கள். ஜெபசிங் தன் செல்லோவின் திருகுகளை ஏதோ செய்துகொண்டிருந்தான். அப்சல் என்னிடம் வந்து, "மேடம், இனிமே உங்க இன்-இயர்ல சுருதியும் தாளமும் மட்டும் வுடறேன். கீபோர்டு வந்தா டிஸ்டர்ப் ஆவும்" என்றான். கடைசியில் இவனுக்காவது என் கஷ்டம் புரிந்ததே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வாசித்தது ஆச்சரியம். தேன்மொழி சுருதியோடு சேர்ந்து நின்றாள். செல்லோவும் சேர்ந்தது. ஒரு மாதமாக இல்லாத சேர்க்கை. சொன்னால் உறைக்கத்தான் செய்கிறது. அன்றைக்கே அவள் ஒத்துக்கொண்டிருக்கலாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அரங்கம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

நான் வாசித்தேன். வேறு எப்படி எழுதுவது? காதல் பாட்டை எடுத்து நடுவில் ஒரு பத்து நிமிடம் ராகமாக விரித்துவிட்டு, குத்துப் பாட்டில் கொண்டுபோய் இறக்கினேன். விசில் அடித்தார்கள். பட்டுப்புடவை மாமிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. என் இடது பக்கம் தேன்மொழி, வலது காதில் சுருதி, எல்லாம் ஒன்றாக இருந்தன. நடுவில் எனக்குக் கண் கலங்கியது. இது போதும் என்று தோன்றியது.

முடிந்ததும் தேன்மொழி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். களைப்பு.

படி இறங்கும்போது கண்ணாடி போட்ட ஒருவர் வழிமறித்து, "எல்லா பாட்டையும் ஒன்றரைக் கட்டைல வச்சிருந்தீங்களே, நல்ல ஐடியா. கனமா இருந்துது" என்றார். ஒன்றரையாம்! ஒவ்வொரு சபாவுக்கும் இப்படி ஓர் அரைகுறை இருப்பார். "இரண்டு கட்டைங்க" என்று திருத்திவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார்.

செப்டம்பர் 23, திங்கள்

திருச்சியில் ஒரு கல்லூரி கூப்பிட்டிருக்கிறது. அக்டோபர் 13. பால் பாயசம் வைத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

அப்சல் கச்சேரியின் பதிவை அனுப்பியிருந்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கலாம் என்று வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். முதல் இழுப்பிலேயே ஏதோ உறுத்தியது. இடது காதைத் தோளில் அழுத்தி அடைத்துக்கொண்டு, ஹார்மோனியத்தைத் திறந்து இரண்டு கட்டையை அழுத்தினேன். சேரவில்லை. அதற்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டையை அழுத்தினேன். சேர்ந்தது. ஒன்றரை.

முழுக் கச்சேரியும் ஒன்றரைக் கட்டை. என் வயலின், தேன்மொழி, செல்லோ, அப்சலின் கீபோர்டு, எல்லாம். கண்ணாடிக்காரர் சொன்னது சரி.

இடது காதுக்கு மாற்றினேன். பதிவு இரண்டு கட்டைக்கு ஏறிவிட்டது. என் கண் முன்னால், நான் எதையும் தொடாமல், ஏறிவிட்டது. இந்த முறை பழி போட என்னிடம் போன் இல்லை, பாட்டரி இல்லை, தந்திக் கடைக்காரன் இல்லை.

என் இடது காது எல்லாவற்றையும் அரைக் கட்டை தூக்கிச் சொல்கிறது. வயலின் இருப்பது அந்தக் காதுக்குக் கீழே. அது தூக்கிச் சொன்னதை நம்பி நான் தந்திகளை இறக்கியிருக்கிறேன். அதனால்தான் தொளதொள. ஒரு மாதமாகச் சுருதியில் நின்றவள் தேன்மொழி. நான்தான் கீழே கிடந்திருக்கிறேன். அந்த மாடிப்படியில் மூன்று பேரும் சேர்ந்து, எல்லாவற்றையும் என் அளவுக்கு இறக்கிவிட்டு, என் வலது காதில் மட்டும் பழைய சுருதியை ஓடவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியக் கூடாது என்று. எனக்கு எல்லாம் சேர்ந்தது போல இருந்தது அதனால்தான்.

பதிவில் தேன்மொழியின் வயலின் காதைத் தீட்டினால்தான் கேட்கிறது. அது நான் குறைக்கச் சொன்னது.

சமையல் ஆகவில்லை. தணிகாசலம் வந்து பார்த்து, நறுக்கிய வெங்காயத்தில் உப்புமா கிளறினார்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 28, சனி

டாக்டர் என் வயதுக்காரிதான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, மிக மெல்லிய சத்தம் கேட்டாலும் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்தபோது ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கதவைத் திறந்து, "முடிஞ்சிருச்சும்மா, வாங்க" என்றார்கள்.

"அடிபட்ட உடனே வந்திருந்தீங்கன்னா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்றார் டாக்டர்.

"கச்சேரி இருந்துச்சு" என்றேன். அது எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

"இனிமே இது பழையபடி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு காதும் வேற வேற சுருதி சொல்றது சிலருக்குக் கொஞ்சம் பழகிடும், சிலருக்குப் பழகாது. வலது காதைக் காப்பாத்திக்குங்க."

வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். தணிகாசலம் என் வலது பக்கம் வந்து நின்றுகொண்டார். இனிமேல் இவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார் என்று புரிந்ததும் நடுரோட்டில் அழுதேன்.

செப்டம்பர் 30, திங்கள்

தேன்மொழி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் போகப் போக அது கோபமாக மாறிவிட்டது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"முந்நூறு பேர் முன்னாடி என்னைச் செவிடின்னு வச்சு விளையாடினீங்களா மூணு பேரும்?"

அவள் நிமிரவில்லை. "உள்ள வா. இந்தப் பக்கம் உக்காரு, அப்பதான் கேக்கும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனை தடவ சொன்னேன்? டியூனர் வச்சுக் காட்டினான் அவன். டாக்டர்ட்ட வான்னேன். நீ என்ன சொன்ன? மெயினா நிக்க எனக்கு ஆசைன்ன."

சுவரைப் பார்த்தேன்.

"பின்ன என்னதான்டி பண்ணச் சொல்ற?" கீரையைத் தள்ளி வைத்தாள். "மெயின் எந்த சுருதியோ அதுதான் சுருதி. மெயின் எறங்கினா பக்கவாத்தியம் எறங்கணும். அதத்தானே நமக்குச் சொல்லிக் குடுத்தாங்க? நான் சரியான சுருதியிலயே நின்னுருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னைப் பாத்துதான் சிரிச்சிருப்பாங்க. உன்னைப் பாத்து சிரிக்க நான் விடுவேனா?"

"உன் மைக்க..."

"தெரியும். அப்சல் அன்னிக்கே சொல்லிட்டான். சாரு சொன்ன மாதிரியே செஞ்சுடுன்னு நான்தான் சொன்னேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஆனா இன்னொரு தடவ செய்ய மாட்டேன் சாரு. எனக்கும் காது இருக்கு. நீ இன்னிக்கு அரைக் கட்டை, நாளைக்கு ஒரு கட்டை எறங்கினா, நான் பின்னாடியே வந்துட்டு இருக்க முடியாது. திருச்சிக்கு நீ வந்தா, சுருதி என்னோடது. நான் சேத்துக் குடுக்கறதுலதான் நீ வாசிக்கணும். முடியும்னா வா."

மன்னித்துக்கொள் என்று சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

வயலினைத் தொடவில்லை. அலமாரி அடுக்கினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. வயலினைப் பட்டுத்துணி விரித்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். பொட்டு வைத்தேன். இன்றைக்கு எடுத்து வாசிக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாள் கை அரிக்கும். இந்த வருடம் அப்பாடா என்று இருந்தது. அப்படித் தோன்றியதே எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

சுண்டல் தின்றுகொண்டிருந்த தணிகாசலத்திடம், "நான் நிறுத்திடட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னக் கேட்டா? நான் ஈ.பி.காரன். ஷாக் அடிச்சா கைய எடுன்னுதான் சொல்லத் தெரியும்" என்றார். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா லைன் ஆஃப் பண்ணிட்டு, இன்னொருத்தன் கீழ நின்னு பாத்துக்கினா, அதே கம்பில நாங்க ஏறுவோம்மா" என்றார்.

தேன்மொழிக்கு ஒரு வரி அனுப்பினேன். வருகிறேன் என்று.

அக்டோபர் 13, ஞாயிறு

திருச்சி. கல்லூரி அரங்கம். பையன்களும் பெண்களும் ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஜெபசிங்கும் அப்சலும் என் முகத்தைப் பார்க்காமல் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தேன். ஒன்பது வயதில் இந்த வயலின் என்னிடம் வந்தது. அன்றிலிருந்து இதன் தந்தியை வேறு யாரும் சேர்த்ததில்லை. சேர்க்க நான் விட்டதுமில்லை. காய்ச்சலோடு வாசித்த கச்சேரியிலும் நானேதான் சேர்த்தேன்.

தேன்மொழியிடம் நீட்டினேன். "சேத்துக் குடுடி."

அவள் சட்டென்று வாங்கிக்கொள்ளவில்லை. புடவையில் இரண்டு கையையும் துடைத்தாள். பிறகு வாங்கி, உட்கார்ந்து, கணுக்காலில் ஊன்றி, ஒவ்வொரு தந்தியாக ஏற்றினாள். எனக்கு அங்கே நிற்பது கஷ்டமாக இருந்தது. நின்றேன்.

"மன்னிச்சுக்கோ தேனு" என்றேன். அவள் திருகைப் பிடித்தபடி, "இரு, கேக்கவிடு" என்றாள். நான்காவது தந்தியும் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

மேடையில் அவள் நடுவில் நின்றாள். நான் அவளுக்கு இடப்பக்கம். அவள் என் வலது காதுக்கு நேராக இருந்தாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தேன். பஞ்சு எதைத் தடுக்கும்? மோவாய் எலும்பு வழியே ஏறி வந்துவிடுகிறது. முதல் இழுப்பிலேயே அந்தக் காது தப்பு, தப்பு என்று கத்தியது. விரல் தானாகப் பின்னால் நழுவப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். அவள் வில் போன இடத்தில் என் வில்லும் போனது. என் முப்பது வருடத்துப் பழக்கம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் விரலை வைத்து வைத்து வாசித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் தாடை வலித்தது. ஒரு பாட்டுகூட எனக்கு இனிக்கவில்லை.

கடைசிப் பாட்டில் அரங்கம் முழுக்க எழுந்து ஆடியது. மேடை அதிர்ந்தது. கூட்டம் கத்தக் கத்த நான் அவள் பக்கம் சாய்ந்து, "சேந்துச்சாடி?" என்று கேட்டேன்.

"சேந்துச்சு" என்றாள் தேன்மொழி.

நம்பினேன்.